அஞ்சு டாலருக்குப் போன போர்வை



நம்ம கூட்டமைப்போட ஆண்டு மலருக்கு, சாதனை செஞ்ச பெண்களைப் பத்தி ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதணும்னு மாதக் கூட்டத்துல முடிவாச்சு. வேலு நாச்சியார், முத்துலட்சுமி ரெட்டி, அன்னை தெரசான்னு ஒவ்வொருத்தரும் ஒரு பேரைச் சொல்லி நோட்டுல எழுதிக்கிட்டாங்க. என் முறை வந்தப்ப நான் ஹாரியட் பவர்ஸ்னு சொன்னேன். எல்லாரும் என்னையே பார்த்தாங்க. அமெரிக்காவுல போர்வை தச்ச ஒரு அம்மான்னு சொன்னதும் ரெண்டு பேரு சிரிச்சுட்டாங்க. போர்வை தைக்கிறதெல்லாம் ஒரு சாதனையான்னு கேட்டாங்க. அவங்களுக்குப் பதிலாத்தான் இதை எழுதுறேன். நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். எழுத்துல பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

மூணு வருஷத்துக்கு முன்னால எங்க குழு மூலமா தையல் பயிற்சிக்குப் போயிருந்தேன். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூடச் சீருடை எல்லாம் கத்துக்கொடுத்தாங்க. கடைசி வாரம், வெட்டுத்துணியை வீணாக்காம என்ன செய்யலாம்னு ஒரு பாடம். அன்னைக்கு டீச்சர் செல்போன்ல ஒரு படம் காட்டினாங்க. நிறம் மங்கிப்போன ஒரு பழைய போர்வை. அதுல துணியிலேயே வெட்டி ஒட்டுன மனுஷங்க, மிருகங்க, சூரியன், நட்சத்திரம். பார்க்கிறதுக்குச் சின்னப்பிள்ளை வரைஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. ஆனா என்னால கண்ணை எடுக்க முடியல. இதைத் தச்சவங்க அடிமையாப் பிறந்தவங்கன்னு டீச்சர் சொன்னாங்க. வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு. எங்க நாத்தனார் மக காலேஜ்ல படிக்குது. அது வரும்போதெல்லாம் பக்கத்துல உட்காரவச்சு, இங்கிலீஷ்ல இருக்கிறதைப் படிச்சுச் சொல்லச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமா நோட்டுல எழுதி வச்சேன்.

அந்த ஊர்ல இந்தப் போர்வைக்குக் குயில்ட்னு பேரு. நம்ம பாட்டிமார் பழஞ்சேலை நாலை ஒண்ணுமேல ஒண்ணு விரிச்சு, ஓட்டுத்தையல் போட்டு, பிள்ளைக்கு விரிக்கிறதுக்குத் தச்சாங்களே, அதுக்கு இது தூரத்துச் சொந்தம் மாதிரி. குயில்ட்டுல மூணு அடுக்கு உண்டு. மேல வேலைப்பாடு செஞ்ச துணி, நடுவுல பஞ்சு, அடியில ஒரு முழுத்துணி. மூணையும் நகராமப் பிடிச்சுக்கிறது தையல்தான்.

ஹாரியட் 1837ஆம் வருஷம் அக்டோபர் 29ஆம் தேதி பிறந்தாங்க. ஊரு, அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல ஏதென்ஸ்ங்கிற டவுன் பக்கம். அது பருத்தி விளையிற சீமை. அந்தப் பருத்திக் காட்டுல வேலை செஞ்சவங்க பெரும்பாலும் ஆப்பிரிக்காவுல இருந்து பிடிச்சுக்கிட்டு வரப்பட்ட கறுப்பின மக்களும் அவங்க வம்சமும்தான். நிலத்துக்கும் மாட்டுக்கும் விலை இருக்கிற மாதிரி அவங்களுக்கும் விலை இருந்துச்சு. தாயை ஒருத்தருக்கும் பிள்ளையை இன்னொருத்தருக்கும் விக்கிறது உண்டு. அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கக் கூடாதுன்னு ஜார்ஜியாவுல சட்டமே போட்டிருந்தாங்க. அப்படிப்பட்ட இடத்துலதான் ஹாரியட் பிறந்து வளர்ந்தாங்க.

18 வயசுல, 1855ல, ஆர்ம்ஸ்டெட் பவர்ஸ்ங்கிறவரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. ஒன்பது பிள்ளைங்களாவது பிறந்திருக்கு. அதுல சில பிள்ளைங்க தங்கல. பருத்திக் காட்டுல மடி கட்டிப் பஞ்சு எடுத்து, ராத்திரி பிள்ளைக்குப் பாலும் கொடுத்து வளர்த்த பொம்பளைங்க நம்ம கூட்டமைப்புல நிறையப் பேரு இருக்கீங்க. அந்த அம்மா பட்ட பாட்டை நான் விளக்க வேண்டியதில்ல. நமக்கு வாரக் கடைசியில கூலின்னு ஒண்ணு கையில வரும். அவங்களுக்கு அதுவும் கிடையாது.

1861ல அமெரிக்காவுல வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் சண்டை வந்துச்சு. நாலு வருஷம் நடந்துச்சு. 1865ல சண்டை முடிஞ்சு அடிமைமுறை ஒழிஞ்சப்ப ஹாரியட்டுக்கு 28 வயசு. விடுதலை வந்துச்சே தவிர கையில ஒண்ணும் வரல. புருஷனும் பொண்டாட்டியும் பாடுபட்டு, 1880 வாக்குல நாலு ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரங்க ஆனாங்க. அடிமையாப் பிறந்த ஒரு குடும்பம் தன் பேர்ல நிலம் வாங்குறது எவ்வளவு பெரிய காரியம்னு, பட்டாவுல பேர் ஏறுறதுக்கு அலைஞ்ச நமக்குத் தெரியும்.

அந்தக் காலத்துலதான் ஹாரியட் ஒரு பெரிய போர்வை தச்சாங்க. ஆறே கால் அடிக்கு ஏழரை அடி இருக்கும். அதை 11 கட்டமாப் பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் பைபிள் கதை ஒண்ணைத் துணியில வச்சுத் தச்சிருக்காங்க. ஆதாம் ஏவாள், காயீன் ஆபேலைக் கொன்னது, யாக்கோபு கனவுல கண்ட ஏணி, ஏசுவுக்கு ஞானஸ்நானம், யூதாஸ் வாங்கின முப்பது வெள்ளிக்காசு, கடைசி இராப்போஜனம், சிலுவை, இப்படி வரிசையாப் போகும். கோயில்ல உட்கார்ந்து காதால கேட்ட கதையெல்லாம் அவங்க கத்தரிக்கோல்ல வந்திருக்கு. சில இடம் கைத்தையல், சில இடம் மெஷின் தையல். தையல் மெஷின் வீட்டுக்கு வீடு வரத் தொடங்கின காலம் அது.

இந்த இடத்துல ஒரு போர்வைக்கு என்ன பாடுன்னு சொல்லியாகணும். அது தெரிஞ்சாத்தான் பின்னால நடந்தது மனசுல படும். நான் பயிற்சியில கத்துக்கிட்டு வீட்டுல செய்யிற முறையைச் சொல்றேன்.

முதல்ல வெட்டுத்துணியைச் சேர்த்து ரகம் பிரிக்கணும். பருத்தியோட பாலியஸ்டரைக் கலந்தா, ஒண்ணு சுருங்கும், ஒண்ணு சுருங்காது, போர்வை கோணிப்போகும். எல்லாத்தையும் ஒரு தடவை தண்ணியில ஊறவச்சு அலசணும். சிவப்பும் கருநீலமும் சாயம் விட்டா அப்பவே ஒதுக்கிடணும். பிறகு காகிதத்துல உருவத்தை வரைஞ்சு வெட்டி, துணிமேல வச்சு, சுத்திலும் கால் அங்குலம் கூடுதலா விட்டு வெட்டணும். அந்தக் கால் அங்குலத்தை உள்ள மடிச்சுத்தான் தைக்கணும், இல்லேன்னா பிசிறு வரும். வளைவு வர்ற இடத்துல மடிப்பு படியாது. அங்கங்க சின்னதாக் கத்தரிச்சு விட்டா படியும். ஒரு மனுஷ உருவத்துல தலை, கழுத்து, கை, விரல்னு எத்தனை வளைவு இருக்குன்னு எண்ணிப் பாருங்க. ஹாரியட்டோட போர்வையில அப்படி உருவங்கள் நிறைய.

உருவங்களைத் தச்சு முடிச்சதும் கட்டங்களைப் பட்டைத்துணி வச்சு ஒண்ணாச் சேர்க்கணும். அப்புறம் அடித்துணியைத் தரையில சுருக்கம் இல்லாம இழுத்து விரிக்கணும். அது மேல்துணியைவிட நாலு பக்கமும் மூணு அங்குலமாவது பெரிசா இருக்கணும். அதுமேல பஞ்சை ஒரே கனமாப் பரப்பி, மேல்துணியைப் போட்டு, நடுவுல இருந்து ஓரத்தைப் பார்த்து நீள நீளமா தற்காலிகத் தையல் ஓட்டணும். ஓரத்துல இருந்து ஆரம்பிச்சா நடுவுல துணி மேடு கட்டிக்கும். நான் முதல் போர்வையில அப்படித்தான் பண்ணி, ரெண்டு நாள் வேலையைப் பிரிச்சுப் போட்டேன்.

அதுக்கப்புறம்தான் நிஜமான தையல். மூணு அடுக்கையும் பிடிக்கிற மாதிரி சின்னச் சின்னதா ஓட்டுத்தையல். அதையும் நடுவுல இருந்தே தொடங்கணும். நூல் முடிச்சை லேசாச் சுண்டி இழுத்துப் பஞ்சுக்குள்ள மறைச்சிடணும். முழுசும் முடிஞ்சதும் தற்காலிகத் தையலைப் பிரிச்சு, நாலு ஓரத்தையும் நேரா வெட்டி, ரெண்டரை அங்குலப் பட்டையை நீளவாக்குல ரெண்டா மடிச்சு, முன்பக்கம் ஓரத்தோட வச்சுத் தைக்கணும். பிறகு அதைப் பின்பக்கம் திருப்பிக் கையால ஹெம்மிங் பண்ணணும். மூலையில பட்டையைச் சாய்வா மடிச்சாத்தான் காது மாதிரி தூக்காம இருக்கும். போர்வை முதல்ல கிழியிறது ஓரத்துலதான். அதனால ஓரத்துக்குச் செலவழிக்கிற நேரம் வீண் போகாது. இதுல பாதி அளவுப் போர்வைக்கே எனக்கு, வீட்டு வேலை போக, ஒரு மாசம் ஆகுது.

இப்ப ஹாரியட் கதைக்கு வருவோம். 1886ல ஏதென்ஸ்ல ஒரு பருத்திக் கண்காட்சி நடந்துச்சு. நம்ம குழுப் பொருள் கண்காட்சி மாதிரி, அங்க அவங்க அந்தப் போர்வையைக் கொண்டுபோய்த் தொங்க விட்டாங்க. ஜென்னி ஸ்மித்ங்கிற ஒரு வெள்ளைக்கார ஓவிய டீச்சர் அதைப் பார்த்தாங்க. அந்த ஊர்ல வசதியான வீட்டுப் பெண்பிள்ளைங்க படிக்கிற லூசி காப் பள்ளியில அவங்க வேலை பார்த்தாங்க. போர்வையைப் பார்த்ததும் இது சாதாரண வேலை இல்லைன்னு அவங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. யார் தச்சதுன்னு விசாரிச்சு, ஹாரியட்டைத் தேடிப்போய் விலைக்குக் கேட்டாங்க. ஹாரியட் கொடுக்க முடியாதுன்னுட்டாங்க. எந்த விலைக்கும் இல்லைன்னுட்டாங்க. ஒரு காலத்துல தன்னையே விலைக்கு வாங்க விக்க முடியும்னு இருந்த ஒரு பொம்பளை, தன் கையால செஞ்ச பொருளை விக்க மாட்டேன்னு சொல்றாங்க. நாத்தனார் மக இதைப் படிச்சுச் சொன்னப்ப நான் கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

ஆனா காலம் அப்படியே விடல. நாலு வருஷம் கழிச்சுக் குடும்பத்துல பணக் கஷ்டம். ஹாரியட்டே டீச்சருக்கு ஆள் அனுப்பி, போர்வையை வாங்கிக்கிறீங்களான்னு கேட்டாங்க. அப்ப டீச்சர் கையில காசு இல்ல. அடுத்த வருஷம் டீச்சர் தகவல் அனுப்பினாங்க, இன்னும் விக்கிற எண்ணம் இருந்தா வாங்கிக்கிறேன்னு. ஹாரியட் மாட்டு வண்டியில புறப்பட்டு வந்தாங்க. போர்வையைச் சுத்தமான மாவுப்பையில போட்டு, அதுக்குமேல ஒரு சாக்கைச் சுத்தி, மடியில வச்சுக்கிட்டு வந்தாங்க. கைப்பிள்ளையைக் கொண்டுவர்ற மாதிரின்னு எனக்குத் தோணுது.

பத்து டாலர் கேட்டாங்க. அஞ்சுதான் கொடுக்க முடியும்னு டீச்சர் சொல்லிட்டாங்க. ஹாரியட் உடனே சரின்னு சொல்லல. வெளிய போய்ப் புருஷன்கிட்டப் பேசினாங்க. காலம் கெட்டுக் கிடக்கு, கிடைச்சதை வாங்கிக்கோன்னு அவரு சொல்லிட்டாரு. திரும்பி வந்து, அஞ்சு டாலரை வாங்கிக்கிட்டாங்க.

ஆனா பணத்தை வாங்கினதும் எழுந்து போயிடல. ஒவ்வொரு கட்டத்தையும் காட்டி, இது இன்ன கதை, இவரு இன்னாரு, இது ஏன் இப்படி இருக்குன்னு விளக்கிச் சொன்னாங்க. டீச்சர் அதையெல்லாம் எழுதி வச்சுக்கிட்டாங்க. போர்வையைப் பிரியிறது ஹாரியட்டுக்குத் தாங்கல. உங்களுக்காக என் வீட்டு வெட்டுத்துணியெல்லாம் சேர்த்து வைக்கிறேன்னு டீச்சர் சொன்ன பிறகுதான் மனசு கொஞ்சம் ஆறுச்சாம். அதுக்கப்புறமும் பல தடவை டீச்சர் வீட்டுக்குப் போய் அந்தப் போர்வையைப் பார்த்துட்டு வந்திருக்காங்க. கட்டிக்கொடுத்த மகளைப் பார்த்துட்டு வர்ற மாதிரி.

அந்த டீச்சரைக் கெட்டவங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அவங்க வாங்கிப் பத்திரமா வைக்கலேன்னா போர்வை மிஞ்சியிருக்குமான்னு சந்தேகம். எழுதி வைக்கலேன்னா கதையும் போயிருக்கும். 1895ல அட்லாண்டா நகரத்துல பெரிய பருத்திப் பொருட்காட்சி நடந்தப்ப, கறுப்பின மக்களோட கைவேலைக்குன்னு தனியா ஒரு கட்டடம் இருந்துச்சு. அங்க இந்தப் போர்வையை வைக்க ஏற்பாடு பண்ணதும் அவங்கதான். ஆனாலும் பத்து கேட்டவங்களுக்கு அஞ்சு கொடுத்தது எனக்கு உறுத்துது. ரெண்டும் உண்மைதானே.

போர்வையை வித்த பிறகும் கஷ்டம் தீரல. நிலத்தைத் துண்டு துண்டா விக்க வேண்டி வந்துச்சு. 1890களோட நடுவுல புருஷனும் வீட்டை விட்டுப் போயிட்டாரு. ஹாரியட்டுக்கு அப்ப வயசு அறுபதை நெருங்குது. வேற கல்யாணம் பண்ணிக்கல. தையல் வேலை செஞ்சு தன் பாட்டைத் தானே பார்த்துக்கிட்டாங்க.

அந்த வயசுலதான் இன்னொரு பெரிய போர்வை தச்சாங்க. இதுல 15 கட்டம், மூணு வரிசை. பைபிள் கதையோட தன் சீமையில ஜனங்க பேசிக்கிட்ட கதையையும் இதுல சேர்த்துட்டாங்க. 1780ஆம் வருஷம் மே 19ஆம் தேதி பட்டப்பகல்ல வானம் இருட்டிப்போனது ஒரு கட்டம். அது காட்டுத்தீப் புகையால வந்த இருட்டுன்னு இப்பச் சொல்றாங்க. 1833ஆம் வருஷம் நவம்பர் 13ஆம் தேதி ராத்திரி நட்சத்திரம் மழை மாதிரி கொட்டினது ஒரு கட்டம். உலகம் அழியப் போகுதுன்னு ஜனங்க பயந்து நடுங்கின ராத்திரி அது. அப்ப ஹாரியட் பிறக்கவே இல்ல. பெரியவங்க சொல்லிக் கேட்டதுதான். 1895 பிப்ரவரி 10ல வந்த கொடுங்குளிரும் ஒரு கட்டம். அதுல ஒரு கோவேறு கழுதை விட்ட மூச்சே பனிக்கட்டியா உறைஞ்சு தொங்குது. அது அவங்க காலத்துலயே நடந்தது. பெட்ஸ்னு ஒரு பன்னி ஜார்ஜியாவுல இருந்து வர்ஜீனியாவுக்கு ஐந்நூறு மைல் ஓடின கதைகூட உண்டு. பெரிய பெரிய தீர்க்கதரிசிகளுக்குப் பக்கத்துல அந்தப் பன்னிக்கும் இடம் கொடுத்திருக்காங்க பாருங்க, அந்த மனசு எனக்குப் பிடிச்சிருக்கு.

1898ல அட்லாண்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெண்கள் அந்தப் போர்வையை அங்க நிர்வாகத்துல இருந்த ஒரு போதகருக்குப் பரிசாக் கொடுத்தாங்க. அதுக்கும் கட்டம் கட்டமா விளக்கம் எழுதப்பட்டிருந்துச்சு. ஹாரியட்டுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னுதான் ரொம்ப காலம் எல்லாரும் சொல்லிக்கிட்டிருந்தாங்க. 2009ல, 1896ஆம் வருஷம் அவங்க எழுதின ஒரு கடிதத்தோட நகல் வெளிய வந்துச்சு. தான் எழுதப் படிக்கக் கத்துக்கிட்டதையும், தான் தச்ச நாலு போர்வைகளையும் பத்தி அதுல எழுதியிருந்தாங்க. ஏழைப் பொம்பளைன்னா எழுத்துத் தெரியாதுன்னு ஊரே முடிவு கட்டிடுது. நம்மையும் பேங்க்ல கைநாட்டு வைக்கிற பேடைத்தானே முதல்ல நீட்டினாங்க.

அவங்களோட போட்டோ ஒண்ணு இருக்கு. அதுல சூரியன், நட்சத்திரம் மாதிரி உருவங்களைத் தச்ச ஏப்ரன் ஒண்ணைக் கட்டிக்கிட்டு, நிமிர்ந்து நிக்கிறாங்க. 1910 ஜனவரி 1ஆம் தேதி இறந்துபோனாங்க. ஏதென்ஸ்ல கறுப்பின மக்களோட கல்லறைத் தோட்டத்துல புதைச்சாங்க. அந்தக் கல்லறைக் கல்லு இருந்த இடமே மறந்துபோய், 2005லதான் திரும்பக் கண்டுபிடிச்சாங்க.

அவங்க தச்சதுல இப்ப மிச்சம் இருக்கிறது அந்த ரெண்டே ரெண்டுதான். அஞ்சு டாலருக்குப் போனது வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல இருக்கு. ரெண்டாவது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துல இருக்கு. ரெண்டுமே 1960கள்ல அங்க போய்ச் சேர்ந்துச்சு. அமெரிக்காவுல குயில்ட் தைக்கிற நிறையப் பேருக்கு ஹாரியட் பவர்ஸ்னா தெரியும். 1990களோட தொடக்கத்துல ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் பழைய குயில்ட்டுகளை மாதிரியே சீனாவுல செஞ்சு, மலிவா விக்கிறதுக்கு அனுமதி கொடுத்துச்சு. அதுல ஹாரியட்டோட போர்வையும் ஒண்ணு. அந்த நாட்டுல வீட்டுல இருந்து கையால தைக்கிற பெண்கள் கொதிச்சுப்போய் எதிர்ப்புத் தெரிவிச்சாங்க. கைவேலைக்கு விலை கேக்கிற சண்டை அந்த அம்மா காலத்தோட முடியல.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு நீட்டி எழுதுறேன்னு கேப்பீங்க. என்கிட்டயும் ஒரு கதை இருக்கு. இதுவரைக்கும் குழுவுல சொன்னதில்ல.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால என் வீட்டுக்காரரு வண்டியில இருந்து விழுந்து, கால் முறிஞ்சு, மூணு மாசம் படுக்கையில இருந்தாரு. அப்ப பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும். வீட்டுல நான் தச்ச போர்வை ஒண்ணு இருந்துச்சு. எங்க அம்மா இறந்ததுக்கப்புறம் அவங்க சேலைகளை வெட்டித் தச்சது. நடுவுல ஒரு புளியமரம் வச்சிருந்தேன். எங்க அம்மா வீட்டு வாசல்ல நின்ன மரம். டவுன்ல இருந்து ஒருத்தங்க பக்கத்து வீட்டுக்கு வந்தப்ப அதைப் பார்த்துட்டுக் கேட்டாங்க. 800 ரூபாய் சொன்னேன். அவங்க 450 கொடுத்தாங்க. வாங்கிக்கிட்டேன். அது யாரோட சேலைன்னு நான் சொல்லல. அவங்களும் கேக்கல. அவங்க பேரு, ஊரு எதுவும் எனக்குத் தெரியாது. ஹாரியட் மாதிரி போய்ப் பார்த்துட்டு வரக்கூட வழி இல்ல.

போன மாசம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடித்துணி, பஞ்சு, நூல் எல்லாம் சேர்ந்து 420 ரூபாய் ஆகியிருக்கு. அப்ப என் ஒரு மாச வேலைக்குக் கிடைச்சது 30 ரூபாய். அம்மா சேலைக்கு நான் விலையே போடல.

இதுல எனக்கு ரொம்ப வெட்கமா இருக்கிறது என்னன்னா, அந்த வாரம் நம்ம குழுச் சேமிப்புல பணம் இருந்துச்சு. உள்கடன் கேட்டிருந்தா கொடுத்திருப்பீங்க. போன கடனே ரெண்டு தவணை பாக்கி, எந்த முகத்தோட கேக்கிறதுன்னு நான் கேக்காம இருந்துட்டேன். ஹாரியட்டுக்கு அஞ்சு டாலர் அவசரத்துக்குக் கொடுக்க இப்படி ஒரு குழு இருந்திருந்தா, பத்து டாலர் கிடைக்கிற வரைக்கும் அந்தப் போர்வையை அவங்க மடியிலேயே வச்சிருந்திருக்கலாம். அவங்களுக்கு அது இல்ல. எனக்கு இருந்துச்சு, நான் கேக்கல.

அதனால கூட்டமைப்புத் தலைவி அக்காவுக்கும் எல்லா உறுப்பினர்களுக்கும் மூணு வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலாவது, கைவேலை செய்யிற உறுப்பினர் கஷ்டத்துக்காகப் பொருளை வித்தாகணும்னு நிலைமை வந்தா, விக்கிறதுக்கு முன்னால குழுவுல சொல்லணும். தவணை பாக்கி இருந்தாலும் அவங்க கோரிக்கையைக் குழு உட்கார்ந்து பேசணும். வரும் கூட்டத்துல இதைத் தீர்மானமாப் போடலாமான்னு கேக்கிறேன்.

ரெண்டாவது, போர்வையோ கூடையோ பாயோ, எது செஞ்சாலும் ஒரு நோட்டுல சாமான் செலவையும் உட்கார்ந்த நேரத்தையும் அன்னன்னைக்கே எழுதி வைக்கணும். முடிச்ச பிறகு யோசிச்சா பாதி மறந்துபோகுது. விலை சொல்லும்போது வாய் குழறாம இருக்க அந்த நோட்டு கைகொடுக்கும். நான் இப்ப எழுதுறேன்.

மூணாவது, பொருளோட அதோட கதையையும் சொல்லிக் கொடுக்கணும். யார் தச்சது, எந்த ஊரு, எந்த வருஷம்னு போர்வையோட பின்பக்க மூலையில ஒரு சின்னத் துண்டுத்துணியில நூலால எழுதித் தச்சிடுங்க. பத்து நிமிஷ வேலை. ஹாரியட் அன்னைக்கு அஞ்சு டாலரை வாங்கிக்கிட்டுப் பேசாமப் போயிருந்தா, அந்தக் கட்டங்கள்ல இருக்கிறது என்ன கதைன்னு நாம ஊகிச்சுக்கிட்டுத்தான் இருக்கணும். உட்கார்ந்து சொன்னதாலதான் கடல் தாண்டி இருக்கிற எனக்கும் தெரிஞ்சிருக்கு.

இப்ப நான் இன்னொரு போர்வை தச்சுக்கிட்டிருக்கேன். அம்மா சேலையில மிச்சம் இருந்த ரெண்டு துண்டை எடுத்து, நடுவுல அதே புளியமரம். இன்னும் ஓரப்பட்டை மட்டும்தான் பாக்கி. மூலையில என் பேரும், அதுக்குமேல எங்க அம்மா பேரும் வரும். இதை நான் விக்கப் போறதில்ல. அடுத்த கூட்டத்துக்கு எடுத்துக்கிட்டு வர்றேன். சிரிச்ச ரெண்டு பேரும் முன்வரிசையில வந்து உட்காருங்க.